சுரங்கத்தில் ஒரே இரவில் தண்டவாளம் மாற்றுவது எப்படி

சென்னை மெட்ரோவில் இரவு 11 மணிக்குக் கடைசி வண்டி கிளம்புகிறது. காலை 5 மணிக்கு முதல் வண்டி. கேட்பதற்கு ஆறு மணி நேரம் போலத் தெரியும். கடைசி வண்டி போய்ச் சேர்ந்து, மேலே கம்பியில் ஓடும் 25,000 வோல்ட்டை நிறுத்தி, கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராட் மாட்டி, நாங்கள் தண்டவாளத்தில் கை வைக்கும்போது பன்னிரண்டரை தாண்டிவிடும். மூன்றரை மணிக்கெல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம்தான் நம்முடையது. அதற்குள் தேய்ந்த தண்டவாளத்தை அறுத்து எடுத்து, புதியதை வைத்து, இரண்டு முனையிலும் வெல்ட் போட்டு முடிப்பதை, டிராக் பிரிவில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

என் அப்பா பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வேயில் கீமேனாக, அதாவது பாதையை நடந்து பார்த்துச் சரிசெய்பவராக, இருந்தவர். சுத்தியலும் ஸ்பானரும் தோளில், வெயிலில் நடை. அவருடைய பாதையில் ஜல்லி உண்டு, கட்டை உண்டு; தண்டவாளம் கொஞ்சம் நகர்ந்தால் ஜல்லியைக் குத்தி நேராக்கலாம். நம் சுரங்கத்தில் ஜல்லி கிடையாது. கான்கிரீட் மேடை, அதன்மேல் இரும்புத் தட்டு, ரப்பர் பேட், தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் கிளிப். கான்கிரீட்டுக்குள் இறங்கிய ஆங்கர் போல்ட் இருக்கும் இடம்தான் தண்டவாளத்தின் இடம். தள்ளிச் சரிசெய்ய வழி குறைவு. அதனால் அளவெடுக்கும் வேலையை வெட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில், எதை மாற்றுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சக்கரத்தின் விளிம்பு பக்கவாட்டில் சீவிக்கொண்டே இருக்கும். உள்பக்கத் தண்டவாளத்தின் தலையில் அலை அலையாகக் குழி விழும். விரலை வைத்து இழுத்தால் வரி வரியான துவைக்கும் கல்லைத் தடவுவது போலத் தெரியும். பயணிகள் காதில் அதுதான் ஊளையாகக் கேட்கிறது. அலை மட்டும் இருந்தால் மேலே தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டிங் போதும், மாற்ற வேண்டாம். பக்கவாட்டுத் தேய்மானம் எல்லை தாண்டினாலோ, அல்ட்ராசானிக் சோதனையில் உள்ளே விரிசல் காட்டினாலோதான் மாற்ற வேண்டும். விரிசல் உடனே எடுக்க வேண்டிய ரகமாக இருந்தால் அன்று இரவே ஜாகிள் பிஷ் பிளேட்டும் (தண்டவாளத்தின் இரு பக்கமும் தாங்கலாக வைக்கும் இரும்புத் தகடு) அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் போட்டு, வேகத்தைக் குறைத்து, அடுத்த இரவுகளில் மாற்றத் திட்டமிடுங்கள். எதையும் தயார் செய்யாமல் அதே இரவில் வெட்டத் துணியாதீர்கள்.

வெட்டும் இடத்தைத் தேர்வு செய்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விரிசலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குத்துமதிப்பாகக் குறிக்கக் கூடாது. பழைய தண்டவாளம் தேய்ந்திருக்கும், புதியது முழு உயரத்தில் இருக்கும். தேய்மானம் அதிகமுள்ள இடத்தில் இரண்டையும் ஒட்டினால் தலையில் ஒரு படி நிற்கும். ஒவ்வொரு சக்கரமும் அந்தப் படியில் இடிக்கும், சில மாதங்களில் வெல்ட் கெடும். முந்தைய இரவே தேய்மானம் அளக்கும் கேஜை மீட்டருக்கு மீட்டர் வைத்துப் பாருங்கள். தேய்மானம் குறைந்து, உயரமும் உள்பக்க விளிம்பும் புதியதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் இடத்தில் வெட்டுக்கோடு போடுங்கள். அதற்காக மூன்று மீட்டர் கூடுதலாக மாற்ற வேண்டி வந்தாலும் தயங்க வேண்டாம். வெட்டுக்கோடு இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழ வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டின் மேல் விழுந்தால், உருகிய எஃகை ஊற்றும் வெல்ட் அச்சு கட்ட இடம் இருக்காது.

நம்முடையது மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம். 12 மீட்டர் துண்டு 720 கிலோ. பத்துப் பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுரங்கத் தரையில் நடுவில் வடிகால், ஓரத்தில் கேபிள், வெளிச்சம் குறைவு. ஒரு கால் தடுக்கினால் இன்னொருவர் பாதம் போய்விடும். புதிய துண்டை இரண்டு நாள் முன்பே தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பக்கத்திலேயே மரக்கட்டை வைத்து இறக்கிக் கட்டிவிட வேண்டும். அதன் தலை ஓடும் தண்டவாளத்தின் மட்டத்தை விடக் கீழே இருக்க வேண்டும். கட்டியபின் நானே போய் ஒவ்வொரு கட்டையும் உதைத்துப் பார்ப்பேன். பகல் முழுவதும் அதன் பக்கத்தில் ஆட்கள் நிறைந்த வண்டி போகிறது.

துண்டின் தரமும் பழையதோடு பொருந்த வேண்டும். மெயின் லைனில் தலை கடினமாக்கப்பட்ட 1080 ரகம் என்றால் அதே ரகம், அதற்கேற்ற வெல்டிங் போர்ஷன் (பற்ற வைத்தால் உருகிய எஃகாக இறங்கும் பொடிக் கலவை). வேறு ரகத்துக்கான போர்ஷனை ஊற்றினால் வெல்ட் மட்டும் மெத்தென்று தேய்ந்து, பள்ளமாகிவிடும். போர்ஷன் பையை வெளிச்சத்தில் காட்டி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் கடற்காற்று எதையும் ஈரமாக்கும். ஒரு ஓரம் கிழிந்திருந்தாலும் அந்தப் பை வேண்டாம்.

சரி, இரவு வேலைக்கு வருவோம்.

எர்த் ராட் வேலை இடத்துக்கு இரு பக்கமும் மாட்டியதைக் கண்ணால் பார்த்தபின்தான் ஆட்களை இறக்குங்கள். “போட்டாச்சு அக்கா” என்ற குரல் மட்டும் வாக்கி டாக்கியில் வந்தால் போதாது. எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை ஸ்பானர், எத்தனை கிளிப் இழுப்பான் என்று நோட்டில் எழுதுங்கள். கோயம்பேட்டில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு வெல்டிங் புகை வரும் என்று முன்கூட்டியே சொல்லி, காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள். சுரங்கத்தில் புகைக்கு மேலே போக வழியில்லை, குழாய்க்குள் போவது போல நீளவாக்கில்தான் போகும். ஆட்கள் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும்.

அப்புறம் ஜம்பர் கேபிள். வண்டி இழுக்கும் மின்சாரம் திரும்பிப் போவது தண்டவாளம் வழியாகத்தான். அதை அறுப்பது ஒரு மின்கம்பியை அறுப்பதற்குச் சமம். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்களே என்று இருக்கக் கூடாது. மாற்றப் போகும் துண்டைச் சுற்றி, இரு வெட்டுக்கும் வெளியே, தடித்த கேபிளால் இணைப்பு கொடுத்தபின்தான் ரெயில் கட்டரைத் தொட வேண்டும். சிக்னல் பிரிவின் இணைப்பு அந்த இடத்தில் இருந்தால் அவர்கள் ஆள் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நம் தண்டவாளம் கிலோமீட்டர் கணக்கில் ஒரே நீளமாக வெல்ட் செய்தது. சூடு ஏறினால் நீளப் பார்க்கும், குளிர்ந்தால் சுருங்கப் பார்க்கும், கிளிப் விடாது. 100 மீட்டர் எஃகு 10 டிகிரிக்குச் சுமார் 11.5 மி.மீ. நீள வேண்டும். நீள விடாமல் பிடித்து வைத்தால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.8 டன் விசை தண்டவாளத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். வெட்டும் நொடியில் அது வெளிவரும். இழுவிசை இருந்தால் இரண்டு முனையும் விலகும். அழுத்தம் இருந்தால் கட்டரின் தட்டைக் கவ்விப் பிடித்து உடைக்கும். சுரங்கத்துக்குள் வெப்பம் வெளியே போல ஏறி இறங்காது என்பதால் நகர்வு பெரும்பாலும் சில மி.மீ.தான். ஆனால் மேலே வெயிலுக்குள் ஏறும் சரிவுப் பாதைக்குப் பக்கத்தில் கவனம் வேண்டும்.

வெட்டுவதற்கு முன், இரண்டு வெட்டுக்கோட்டுக்கும் வெளியே ஒரு மீட்டர் தள்ளி, தண்டவாளத்தின் தலையில் ஓரமாக ஒரு குறி, மறுபக்கம் ஒரு குறி. நல்ல இரும்பு டேப்பால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து, பெயிண்டில் அங்கேயே எழுதுங்கள். கடைசியில் வெல்ட் முடிந்தபின் அந்தத் தூரம் அப்படியே இருக்க வேண்டும். எடுத்த எஃகும் வைத்த எஃகும் கணக்கில் சமமாக வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். கையில் இருக்கும் புதிய துண்டு 12,000 மி.மீ. ஒவ்வொரு வெல்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி. ஆக, பழையதில் எடுக்க வேண்டியது 12,050 மி.மீ. கோட்டுக்கு எந்தப் பக்கம் கட்டர் தட்டு போக வேண்டும் என்றும் அம்புக்குறி போடுங்கள், தட்டின் தடிமனும் சில மி.மீ. தின்னும். வெட்டியதும் முனைகள் விலகி, துண்டை வைத்தபின் ஓர் இடைவெளி 25-க்குப் பதில் 31 ஆக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் அகலமான வெல்ட் போட்டு அடைக்கத் தோன்றும். அடைத்தால் 6 மி.மீ. எஃகைக் கூடுதலாகத் திணித்துவிட்டீர்கள். வெப்பம் ஏறும் நாளில் அந்த 6 மி.மீ. அழுத்தமாக மாறிக் கிளிப்பை நெம்பும். அடைக்காமல், டென்சர் (இரு முனையையும் பிடித்து இழுக்கும் கருவி) போட்டு இழுங்கள். குறிகளுக்கு நடுவே பழைய தூரம் வரும்வரை இழுத்து, பிடித்து வைத்துக்கொண்டு வெல்ட் போடுங்கள். வெல்ட் ஆறும்வரை டென்சரைத் தளர்த்தக் கூடாது.

கேஸ் கட்டரால் வெட்டிய முனையில் வெல்ட் போடவே கூடாது. கடின ரகத் தண்டவாளம் அந்தச் சூட்டில் முனையில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கட்டர் தட்டால் அறுத்த, செங்குத்தான முனைதான் வேண்டும்.

கிளிப்பைக் கழற்றும்போது சுத்தியலால் அடித்து எகிற வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இழுப்பானைப் பயன்படுத்துங்கள். எகிறும் கிளிப் கண்ணைப் பறிக்கும். பழைய துண்டு எழுந்ததும் கீழே பத்து நிமிடம் செலவிடுங்கள். இந்த மேடையை இப்படித் திறந்த நிலையில் இனி எப்போது பார்ப்போமோ தெரியாது. ரப்பர் பேட் அத்தனையையும் புதிதாக மாற்றுங்கள்; பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் மாற்றுங்கள். ஆங்கர் போல்ட் ஒவ்வொன்றையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். கசிவு நீர் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டோ எடுத்துச் சிவில் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மேம்படுத்துவது என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது, ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக. லண்டனில் 1863-இல் தொடங்கிய சுரங்க ரயிலில் மேலும் கீழும் தலை போலத் தடித்த பழைய புல்ஹெட் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தட்டையான அடி உள்ளதைப் போடும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. 2015 ஆகஸ்டில் வால்தம்ஸ்டோ பக்கம் வண்டி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒரு கிராஸ் ஓவரைப் புதுப்பிக்க விக்டோரியா தடத்தின் வடகோடியை மூன்று வாரம் மூடினார்கள். 1984-இல் ஓடத் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவில் மின்சாரம் தரும் எஃகு மூன்றாம் தண்டவாளத்தை அலுமினியத்துக்கு மாற்றுகிறார்கள். நமக்குச் சுரங்கத்தில் முதல் வண்டி ஓடியது 2017 மே மாதம், திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை. நாம் இளசு. இப்போதே ஒவ்வொரு துண்டுக்கும் பேட், போல்ட், வெல்ட் விவரத்தை ஒழுங்காக எழுதி வைத்தால், பின்னால் வருபவர்கள் இருட்டில் தேட வேண்டியிருக்காது.

இனி வெல்ட். எங்கள் வெல்டர் அண்ணன் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பல இரவு பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்ச் சட்டம்) வைத்து இணைப்பைக் கொஞ்சம் மேலே தூக்கி வைப்பார். ஆறும்போது வெல்ட் கீழே இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்தத் தூக்கல். எவ்வளவு என்பதை அந்த வெல்ட் முறையின் கையேட்டைப் பார்த்து ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) வைப்பார், கண்ணளவில் விடமாட்டார். பக்கவாட்டில் உள்பக்க விளிம்புதான் நேராக வர வேண்டும். சக்கரம் தொடுவது அங்கே. பிறகு மணல் அச்சை இரண்டு பக்கமும் பொருத்தி, இடுக்கெல்லாம் களிமண்ணால் பூசுவார். பூசும்போது பேசமாட்டார். கட்டைவிரல் அடியில் ஆரம்பித்து, ஒரே அழுத்தத்தில், தலை வரை ஏறும். கடைசியில் டார்ச்சைக் கீழே பிடித்துத் தண்டவாளத்தின் அடிப்பக்கம் மட்டும் இரண்டாம் தடவை பார்ப்பார்.

ஏன் அடிப்பக்கம் என்று எனக்குத் தெரியும். மெட்ரோவுக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். மழைக்கால இரவு, மணி இரண்டேகால். நேரமாகிவிட்டது என்று நான் அவசரப்படுத்தினேன். பூச்சு அடியில் சரியாக ஒட்டவில்லை, யாரும் குனிந்து பார்க்கவில்லை. உருகிய எஃகு அச்சுக்குள் இறங்கியதும் அடியில் ஓட்டை விழுந்து வழிந்தது. கீழே ஈரம் வேறு. படபடவென்று வெடித்துத் தெறித்ததில் ஒரு பையனின் முழங்கை வெந்தது. வெல்ட் பாதி நிரம்பிய நிலையில் நின்றது. அதை அறுத்தெடுத்து, கிளாம்ப் போட்டு வழியைத் திறக்கும்போது முதல் வண்டி தாமதமாகிவிட்டது. அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான். அன்றிலிருந்து அச்சுக்குக் கீழே காய்ந்த மணல் கொட்டாமல், வடிகால் நீரைத் துடைக்காமல், நானே குனிந்து பார்க்காமல் ‘பற்ற வை’ என்று சொன்னதில்லை.

முன்சூடு கொடுக்கும் நேரத்தை ஸ்டாப் வாட்ச்சில் பாருங்கள். முனை சிவந்துவிட்டதே என்று பாதியில் எடுக்கக் கூடாது. மேலே சிவந்தாலும் நடுவில் சூடு ஏறியிருக்காது. போர்ஷனில் இருப்பது இரும்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும். பற்ற வைத்தால் அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், இரும்பு உருகி இறங்கும். 2,000 டிகிரிக்கு மேல் போகும் சூடு. முழு எதிர்வினையும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுரங்கச் சுவர் வெள்ளையாகப் பளிச்சிடும் அந்த நேரத்தில் நேராகப் பார்க்காதீர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் பார்க்கட்டும்.

ஊற்றி முடிந்ததும் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, அச்சை உடைத்து, ஹைட்ராலிக் டிரிம்மரால் மேலே பிதுங்கியதைச் சீவ வேண்டும். சீக்கிரம் சீவினால் கிழியும், தாமதித்தால் டிரிம்மர் நகராது. பிறகு ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. ஊற்றி அரை மணி நேரம் ஆகும் முன் அதன்மேல் எந்த வண்டியும் ஏறக் கூடாது.

இந்தக் கணக்கில் நான் வைத்திருக்கும் கெடு இரண்டு. முதல் வெட்டு 1:15-க்குள் விழவில்லை என்றால் அன்று வெட்டுவதில்லை; பேட், போல்ட் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவோம். வெட்டியபின் 2:15-க்குள் இரண்டாம் வெல்டைப் பற்ற வைக்க முடியாது என்று தெரிந்தால், அந்த முனைக்கு ஜாகிள் பிஷ் பிளேட், கிளாம்ப், வேகக் கட்டுப்பாடு. வெல்ட் மறுநாள். அதனால்தான் பிளேட்டும் கிளாம்பும் ஒவ்வோர் இரவும் பக்கத்தில் இருக்க வேண்டும், டெப்போவில் இருந்தால் பயனில்லை. வேலையைத் தள்ளிப் போட்டதற்காக மேலே கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லிக்கொள்ளலாம்.

மூடும்போது கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள தூரம், 1,435 மி.மீ. இருக்கிறதா என்று ஒவ்வொரு தட்டிலும் பாருங்கள், வெல்டுக்கு இரு பக்கமும் கூடுதலாகப் பாருங்கள். குறிகளின் தூரத்தை மீண்டும் அளந்து, பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதுங்கள். ஜம்பரைக் கழற்றுவதற்கு முன் நிரந்தர இணைப்புகள் இறுகியிருக்க வேண்டும். ஆட்களை எண்ணுங்கள், கருவிகளை எண்ணுங்கள். ஒரு ஸ்பானர் குறைந்தால் அது கிடைக்கும்வரை எர்த் ராட் கழற்றச் சொல்லாதீர்கள். அறுத்த பழைய துண்டைக் கட்டையில் வைத்துக் கட்டிய பிறகுதான் வேலை முடிந்தது என்று போன் செய்ய வேண்டும்.

மேலே வந்தால் காந்தி இர்வின் சாலையில் டீக்கடை திறந்திருக்கும். சட்டை முழுக்கக் கரியோடு நிற்பவர்களைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். டீ குடித்துவிட்டு முதல் வண்டியில் ஏறுங்கள். நான் எழும்பூரில் ஏறி, உட்காராமல், கதவுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நிற்பேன். நாம் வெல்ட் போட்ட இடம் வரும்போது காலுக்குக் கீழே ஒரு ‘டக்’ வந்தால், அடுத்த இரவு கிரைண்டரோடு போக வேண்டும். வராவிட்டாலும் அடுத்த இரவு போக வேண்டும்: கிளிப் உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, அல்ட்ராசானிக்கில் வெல்ட் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க. எல்லாம் சரி என்றால் தண்டவாளத்தின் நடுத்தகட்டில் வெள்ளைப் பெயிண்டால் வெல்ட் எண், தேதி, வெல்டரின் குறி மூன்றையும் எழுதிவிட்டு வேகக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லுங்கள்.